கடல் மேல் புள்ளிக் கோடு

எங்கள் ஊருக்கும் அக்கா இருக்கும் ஊருக்கும் எட்டாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்து மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். அன்றைக்கு விடியற்காலையில் அம்மா என்னைத் தூக்கத்தில் எழுப்பித்தான் கேட்டாள். ஆனால் கேட்ட கேள்வி வேறு.

"ஏன்டி, நேரா போனா என்ன? எதுக்கு இப்படி மேல ஏறி வளைஞ்சு இறங்குது? டிரைவருக்கு வழி தெரியாதா?"

சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தின் முன்னால் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தாள். படத்தில் இரண்டு குண்டூசி குத்தி, நடுவில் சிவப்பு நூலை வில் மாதிரி வளைத்து ஒட்டியது நான்தான்.

"அது பைலட்டும்மா. டிரைவர் இல்ல."

"வண்டி ஓட்டுறவன் எவனா இருந்தாலும் டிரைவர்தான்," என்று குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. அப்பா டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி, வண்டி ஓட்டுகிறவர்கள், உட்கார்ந்து வருகிறவர்கள்.

முந்தின வாரமே இதை ஒரு முலாம்பழத்தில் ரப்பர் பேண்டு மாட்டி விளக்கியிருந்தேன். உலகம் உருண்டை, உருண்டையின்மேல் குறுக்கு வழி என்பது தட்டையான படத்தில் வளைவாகத்தான் தெரியும் என்று. இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினார்கள். மறுநாள் காலை அப்பா அந்த உலகத்தை நாலாக வெட்டி, சர்க்கரை தூவித் தின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று நாள் குறித்துவிட்டார்கள். மாமா கப்பலில் இன்ஜினியர். அவர் கப்பல் கரையைத் தொட இன்னும் மூன்று வாரம் ஆகும். மூத்தது மூன்றரை வயசுப் பெண், அதை நாங்கள் பொடிசு என்போம். அன்றைக்கு அவர்கள் ஊர் நேரப்படி மாலை நாலு மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பொடிசை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதற்குள் யாராவது ஒருத்தர் போய்ப் பொடிசின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பத்து மணி நேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கோ பாஸ்போர்ட்டே இல்லை. வானத்தில் போகும் சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவேன், ஆனால் விமானத்தில் ஏறியதே கிடையாது. "நீச்சல் தெரியாதவ கரையில நின்னு நீச்சல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி" என்று அக்கா என்னை வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவிடம் மட்டும் பாஸ்போர்ட் இருந்தது. ஓய்வு பெற்றதும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போகிறேன் என்று எடுத்தது. கம்பெனி மூடிவிட்டது, பாஸ்போர்ட் மிச்சம். விசா முந்தின நாள்தான் கைக்கு வந்தது. ஆக, பொடிசின் கையைப் பிடிக்கப் போகிற ஆள் அப்பா. இதுதான் அவருக்கும் முதல் விமானம்.

விமான நிலையத்துக்கு டாக்சியில் போனோம். அப்பாவால் இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் சும்மா உட்கார முடியாது. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே இல்லாத பிரேக்கை அன்றைக்கு எத்தனை முறை போட்டாரோ, இறங்கும்போது காலை உதறிக்கொண்டார்.

"முன் சீட்டு கிடைக்குமாடி? ரோடு தெரியணும் எனக்கு."

"ரோடே கிடையாதுப்பா அங்க."

"அதான் பயமா இருக்கு," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "நேரத்துக்குப் போய்ச் சேந்துருவேன்ல?"

"ஒன்பது மணிக்குக் கிளம்புனா நம்ம ஊர் நேரம் ஏழு மணிக்கு இறங்கிடுவீங்க. அங்க அப்ப மதியம் ரெண்டு. அக்கா நாலு மணிக்குத்தான் கிளம்பணும். ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. நான் பாத்துட்டே இருப்பேன், ஒரு நிமிஷம் கண்ண எடுக்க மாட்டேன்."

"நீ பாத்தா அது நேரா போயிருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் வேலை பார்ப்பது விமான நிலையத்துக்குப் பின்பக்கம் உள்ள சலவைக்கூடத்தில். விமானங்களில் தருகிற கம்பளிப் போர்வை, சீட்டின் தலைமாட்டில் போடும் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக எங்களிடம்தான் வரும். துவைத்து, காயவைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவோம். மூட்டையை அவிழ்த்ததுமே அது எவ்வளவு தூரம் போய்விட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். பக்கத்து ஊர் விமானத்துப் போர்வை மடிப்புக் கலையாமல் வரும். கடல் தாண்டிப் போனது பிஸ்கட் தூள், காப்பிக் கறை, ஒற்றைக் காலுறை என்று குடும்பம் நடத்திவிட்டு வரும். ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது.

அங்கே எனக்குப் பெயர் டவர். எந்த விமானம் எங்கே என்று சதா சொல்லிக்கொண்டிருப்பதால். சோப்புத்தூளும் பிளீச்சும் அளந்து போடும் அக்காவுக்குப் பெயர் நுரை. நானும் நுரை அக்காவும் ஒரே மேசையில்தான் மடிப்போம்.

"டவர், உங்கப்பா சீட் பெல்ட் போட்டாரா இல்லையா?"

"அதெல்லாம் தெரியாதுக்கா."

"பின்ன என்ன டவரு நீ?"

போன் கையில் இருந்தால் சூப்பர்வைசர் பிடுங்கிவைத்துவிடுவார். அதனால் ஒரு போர்வையை மடித்து, அதன் மடிப்புக்குள் போனைச் செருகி, மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். ஐந்து போர்வைக்கு ஒருதரம் மடிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். திரையில் நீலக் கடல், அதில் அப்பாவின் மஞ்சள் விமானம், அதற்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கோடு. உட்கார முடியவில்லை. நிற்பதுதான் வேலை என்றாலும் நிற்கவும் முடியவில்லை. உறை ஒட்டும் இயந்திரத்துக்கும் மேசைக்கும் சும்மா நடந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தேன்.

அரை மணிக்கு ஒருதரம் அம்மா கூப்பிட்டாள்.

"இப்ப எங்கடி இருக்காரு?"

"கடல் மேலம்மா."

"எந்தக் கடல்?"

"பேரு சொன்னா நீ போய்ப் பாக்கப் போறியா?"

"சாப்டாரா?"

"அம்மா!"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானம் தான் எங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் கத்திக்கொண்டே போகும். தரையில் அங்கங்கே இருக்கும் ஆண்டெனாக்கள் அதைக் கேட்டுச் சொல்லும். அதைத்தான் போனில் பார்க்கிறோம். நடுக்கடலில் ஏது ஆண்டெனா? கத்தல் கேட்காத இடம் வந்துவிட்டால், கடைசியாகப் போன வேகத்தையும் போக வேண்டிய வழியையும் வைத்து, இந்நேரம் இங்கே இருக்கும் என்று போனே ஒரு விமானத்தை வரைந்து நகர்த்திக்கொண்டு போகும். அப்போது பின்னாலிருக்கும் கோடு கெட்டியாக இருக்காது, புள்ளிப் புள்ளியாக மாறிவிடும். போன மாதம் நுரை அக்காவுக்கு நானே இதைப் பாடம் எடுத்தேன். "அது பிளேன் இல்லக்கா. பிளேன் பத்தின ஒரு நினைப்பு, அவ்வளவுதான்" என்று.

அன்றைக்கும் மதியத்துக்கு மேல் புள்ளிக் கோடு வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் பார்த்தேன். ஆனால் முந்தின நாள் ராத்திரி நான் உட்கார்ந்து காற்றுக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். எதிர்காற்று அன்றைக்குக் குறைவு, இருபது நிமிஷம் முன்னதாகவே போய்விடும் என்று. போன் வரைந்த விமானமும் அச்சு அசலாக அதே கணக்கில் போய்க்கொண்டிருந்தது. என் நினைப்பும் அதன் நினைப்பும் ஒன்றாக இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையில் புள்ளிகள் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தன.

நாலு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அங்கே காலை பதினொன்று. போனை எடுத்துக்கொண்டு மூட்டை அறைக்குள் ஓடினேன்.

"வாலு, எங்க இருக்க?" அக்காவுக்கு நான் எப்போதும் வாலு. "கீழ் வீட்டு டீச்சர் வந்து நிக்கிறாங்க. பன்னெண்டு மணி ரயில்ல மகன் ஊருக்குக் கிளம்புறாங்க. அப்பா வர்றது சந்தேகம்னா நான் நாளைக்குப் போய்க்கிறேன், பொடிசை வச்சுக்கிறேன்னு சொல்றாங்க. என்ன சொல்ல?"

"போகச் சொல்லுக்கா. பாவம், அவங்க எதுக்கு டிக்கெட்டை வீணாக்கணும்? அப்பா இருபது நிமிஷம் முன்னாடியே இறங்குறாரு."

"நிச்சயமா? எனக்கு இங்க வேற ஆளே கிடையாதுடி."

"கண்ணால பாத்துட்டு இருக்கேன்க்கா."

"சரி. நீ சொன்னா சரிதான்," என்றாள். பக்கத்தில் டீச்சரிடம் அவள் சொல்வது கேட்டது. "நீங்க கிளம்புங்க டீச்சர். என் தங்கச்சி பிளேனையே கரைச்சுக் குடிச்சவ."

அவ்வளவு நல்லவிதமாக அக்கா என்னைப் பற்றி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி வந்து நாற்பது போர்வையைச் சரசரவென்று மடித்துத் தள்ளினேன்.

கடல் முடிந்து கரை வருகிற இடம் ஒன்று இருக்கிறது. விமானம் அங்கே போய்ச் சேர்ந்ததும் கரையோர ஆண்டெனாக்கள் அதன் கத்தலைப் பிடித்துக்கொள்ளும், புள்ளிக் கோடு கெட்டிக் கோடாகிவிடும். அதற்காக ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே மடிப்பைத் தூக்கியபடி நின்றேன். மஞ்சள் விமானம் கரையைத் தொட்டது. கோடு புள்ளியாகவே இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டும். போனது. வயலுக்கு மேல், ஆற்றுக்கு மேல், ஒரு பெரிய ஊருக்கு மேலேயே போனது. புள்ளி. புள்ளி. புள்ளி. அந்த ஊரில் மொட்டைமாடிக்கு ஒரு ஆண்டெனா இருக்கும். ஒன்றுகூடவா கேட்கவில்லை?

கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விரலால் கோட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நிஜமான கத்தல் கடைசியாகக் கேட்டது மதியம், கடலுக்குள் கொஞ்ச தூரத்தில். அதற்கப்புறம் நான் பார்த்தது முழுக்க வரைந்த படம். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னபோதும் படம்தான்.

"என்னடி மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு, பிளீச்சுல விழுந்தியா?" என்றாள் நுரை அக்கா.

காட்டினேன். பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் சொல்லிக் கொடுத்ததாயிற்றே.

"நீதான சொன்ன, அது பிளேன் இல்ல, நினைப்புன்னு?"

"ஆமாக்கா."

"அப்ப உங்கப்பா எங்க?"

எனக்குத் தெரியவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேனொழுகப் பேசிக் காத்திருக்கச் சொன்னாள், அப்புறம் சங்கீதம் போட்டுவிட்டார்கள். அப்பா எங்கே என்று தெரியாத நேரத்தில் கேட்கிற சங்கீதம் மாதிரி ஒரு கொடுமை கிடையாது. சூப்பர்வைசர் வந்து வாயைத் திறக்கப் போனார். நுரை அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "போம்மா, வீட்டுக்குப் போ" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. அம்மா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். எடுத்தால் எங்கே இருக்காரு என்பாள். மூன்றாவது முறை அடித்தது வேறு ஏதோ எண், முன்னால் தெரியாத நாட்டு எண்கள்.

"ஹலோ. நான்தான்."

"அப்பா!" நான் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பியது. "எங்கப்பா இருக்கீங்க?"

"ஏதோ தீவாம். பேரு வாய்க்குள்ள நுழையல. ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி. அதான் பாதியில திரும்பி இங்க இறக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்க அவரை. எங்கள மூணு மணி நேரம் வண்டிக்குள்ளயே உக்கார வச்சுட்டு இப்பதான் வெளிய விட்டாங்க. பக்கத்து சீட்டுத் தம்பி போன் குடுத்தாரு. டிரைவர் நல்ல டிரைவர்டி. பிரேக் போட்டதே தெரியல."

"எப்பப்பா கிளம்புவாங்க?"

"நாளைக்குக் காலைலதானாம். டூட்டி நேரம் முடிஞ்சுபோச்சாம் அவங்களுக்கு. அது நியாயம்தான், தூக்கக் கலக்கத்துல ஓட்டக் கூடாது. நீ என்ன பஸ்லயா இருக்க? இப்படி உறுமுதே, செகண்ட் கியர்லயே இழுக்குறானா?"

"அப்பா..."

"தெரியுது," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாலு மணிக்கு முடியாது. கீழ் வீட்டு டீச்சர் இருக்காங்கள்ல? பொடிசை அவங்ககிட்ட விட்டுட்டுப் போகச் சொல்லு. அவங்க இருக்கிற தைரியத்துலதான் நான் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்."

"சரிப்பா. நான் பாத்துக்கிறேன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன். மூடிய கடை ஒன்றின் வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். அப்பா நல்லா இருக்கார் என்று முதலில் சொன்னேன், அப்புறம் மற்றதைச் சொன்னேன். பின்னால் பொடிசு ஏதோ பாடிக்கொண்டிருப்பது கேட்டது.

"கண்ணால பாத்துட்டு இருக்கேன்னு சொன்னியே வாலு."

"ஆமாக்கா."

"என்னத்தடி பாத்த?"

"போன் வரைஞ்ச படத்தக்கா."

"உன் வாய நம்பி அந்தம்மாவ ரயில் ஏத்தி விட்டேன்டி. டிக்கெட்டக் கையில மடிச்சு வச்சுட்டு நின்னாங்க, ரத்து பண்றேன்னு. நான் என்ன பண்ணுவேன் இப்ப? காலைலருந்து லேசா வலி வேற. தள்ளிப் போட முடியாதுன்னுட்டாங்க. இவளை எங்க கொண்டு போய் விடுவேன்? கதவப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள வச்சுட்டுப் போகட்டுமா?" அழுதாள். அக்கா அழுதால் மூக்குதான் முதலில் அடைக்கும். சின்ன வயசிலிருந்தே.

"டீச்சர் நம்பர் குடுக்கா."

"எதுக்கு? அவங்க போயி ஒன்றரை மணி நேரம் ஆச்சு."

"குடுக்கா, தயவுசெஞ்சு."

டீச்சர் உடனே எடுத்துவிட்டார். பின்னால் ரயிலின் தடதடப்பு. நான் யார் என்று சொன்னதும், "ஓ, அந்த ஏரோப்ளேன் பொண்ணா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "நீங்க திரும்பி வர முடியுமா டீச்சர்?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"என் மகன் ஸ்டேஷன்ல வந்து நிப்பான்," என்றார். "சரி, அவன் எருமை மாதிரி வளந்தவன்தான, நிக்கட்டும். எங்க இறங்கணும் நான்? நீயே சொல்லு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமாமே."

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பின ரயில், போய் ஒன்றரை மணி நேரம், வேகம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஸ்டேஷன் இதுவாகத்தான் இருக்கும். கணக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது டீச்சர். ரயில் நின்னதும் பலகையப் படிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"வெளிய வயலா இருக்கு. ஒரு மாடு நிக்குது."

"மாடு வேண்டாம் டீச்சர். பலகை."

காத்திருந்தேன். கடை வாசலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடந்தேன். ரயில் ஒருவழியாக நின்றது.

"எதுத்தாப்ல கூட்ஸ் நிக்குது. பலகையே தெரியல."

"யாரையாவது கேளுங்க!"

கேட்டார். ஒரு பெயரைச் சொன்னார். நான் நினைத்த ஸ்டேஷன் இல்லை, அதற்கு ரொம்பவும் முன்னால் உள்ள சின்ன ஸ்டேஷன். ரயில் எங்கேயோ நின்று நின்று போயிருக்கிறது. நான் நினைத்ததைச் சொல்லியிருந்தால் அவரை இன்னும் ஒரு மணி நேரத் தூரத்துக்கு அனுப்பியிருப்பேன்.

"இங்கயே இறங்கிடுங்க டீச்சர். திரும்புற ரயில் எப்பன்னு கவுண்டர்ல கேளுங்க. போன்ல பாக்காதீங்க, ஆளைக் கேளுங்க."

"இறங்கிட்டேன்மா. பெட்டி ஒண்ணுதான்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ என்கிட்ட படிச்சிருந்தா உன்ன முட்டி போட வச்சிருப்பேன், தெரியுமா?"

"வந்து போடுறேன் டீச்சர்."

"பாஸ்போர்ட் எடு முதல்ல," என்றார். அக்கா அவரிடம் இதையும் சொல்லி வைத்திருக்கிறாள்.

திரும்பும் ரயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான். எப்படிப் பார்த்தாலும் நாலு மணிக்குள் வர முடியாது. அக்கா பொடிசையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், முன் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு ரத்தம் எடுக்கவும் கையெழுத்து வாங்கவும் நர்ஸ் இரண்டு தரம் வந்துவிட்டுப் போனாள். மூன்றாவது தரம், "உங்களுக்கு வச்ச படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்மா" என்றாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கேதான் இருந்தேன். பொடிசின் மடியில், போனுக்குள்.

இந்தப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போன நல்லா நிமித்திப் பிடி, புள்ள மொகம் தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

"பொடிசு, அம்மா அந்தக் கதவுக்குள்ள போயிட்டு வருவா. நீ சித்தியோட பேசிட்டு இரு. பெஞ்ச விட்டு இறங்கக் கூடாது."

"கதவு மூடுமா?"

"மூடும். திறக்கும்."

அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு மூடியதும் பொடிசின் கீழுதடு பிதுங்கியது. நான் அவசரமாகச் சுவரில் இருந்த உலகப் படத்தின் பக்கம் போனைத் திருப்பினேன்.

"இது என்ன தெரியுமா? நீ இங்க இருக்க. நாங்க இங்க இருக்கோம்."

"தாத்தா எங்க?"

"நடுவுல. தண்ணிக்குள்ள ஒரு தீவு இருக்கு, அங்க தூங்குறாரு."

"டீச்சர் எங்க?"

"ரயில்ல வர்றாங்க."

"எப்ப வருவாங்க?"

திரையில் மேலே மணி ஓடிக்கொண்டிருந்தது. ரயில் கிளம்பிய நேரமும் தெரியும், தூரமும் தெரியும்.

"தெரியல பொடிசு."

"உனக்குத்தான் எல்லாம் தெரியும்னு அம்மா சொன்னா."

"அம்மா சும்மா சொன்னா. எனக்குத் தெரியாது. ஆனா வருவாங்க. வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன்."

அது கொஞ்சம் யோசித்தது. கால் இரண்டும் பெஞ்சிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு விழுந்தது. அதை எடுக்க இறங்கப் போனது, நான் அலறினேன், மறுபடியும் ஏறிக்கொண்டது. அந்தச் செருப்பு எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தரையில் கிடந்தது. அதை எடுத்து மாட்டிவிட எனக்குக் கை அரித்தது. ஒரே ஒரு செருப்பு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அந்த நூலு ஏன் வளைஞ்சிருக்கு?" என்றது பொடிசு.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஸ்டூலிலிருந்து குரல் கொடுத்தாள். "அது வளைவு இல்லடி தங்கம். அதுதான் குறுக்கு வழி. உலகம் முலாம்பழம் மாதிரி. தட்டையா வரைஞ்சா அப்படித்தான் தெரியும். இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"முலாம்பழம் எங்க?"

"உங்க தாத்தா தின்னுட்டாரு."

பொடிசு சிரித்த சிரிப்பில் வராந்தாவில் போன யாரோ நின்று பார்த்தார்கள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னது. அம்மா சொன்னாள். நாலு தரம் சொன்னாள். கதவு திறந்தது, அக்கா எட்டிப் பார்த்தாள், கதவு மூடியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் என் கட்டைவிரலை வைத்து மணியை மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெட்டியின் சக்கரம் தரையில் உருளும் சத்தம் வந்தது. பொடிசு நிமிர்ந்தது. திரையில் ஒரு சேலையின் முந்தானை, அப்புறம் மூக்குக்கண்ணாடி, அப்புறம் ஒரு கை. அந்தக் கை குனிந்து செருப்பை எடுத்து மாட்டிவிட்டது. மாட்டிவிட்டுப் பொடிசின் கையைப் பிடித்தது.

அக்கா போனை வாங்கினாள். கண் சிவந்து, மூக்கும் சிவந்து இருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"வை. திட்டுறதுக்கு நிறைய இருக்கு. நாளைக்கு வந்து திட்டுறேன்."

"திட்டுக்கா. நல்லா இருந்து திட்டு."

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் விமானம் தீவிலிருந்து கிளம்பிவிட்டது என்று அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்புறம் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றும் இல்லை.

"இப்ப எங்கடி இருக்காரு?"

"கடல் மேலம்மா."

"கடல்ல எங்க?"

"தெரியலம்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கைத்தடியை எடுத்துக்கொண்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தாள். நானும் நடந்தேன். சின்ன அறை. இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொண்டோம், வழிவிட்டோம், மறுபடியும் முட்டிக்கொண்டோம். புள்ளிக் கோட்டைப் பார்க்கக் கூடாதென்று அலமாரிக்குள் பூட்டி வைத்த போன் அடித்தபோது சாவி எங்கே என்று தெரியவில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்தது.

டீச்சர் எண். பேசியது பொடிசு.

"சித்தி, தம்பி வந்துட்டான். சேப்பா இருக்கான். அம்மா தூங்குறா. தாத்தாவும் வந்துட்டாரு."

"தாத்தாகிட்ட போனக் குடு தங்கம்."

"தாத்தாவும் தூங்குறாரு. நாற்காலியிலயே. என் கைய விடவே மாட்டேங்குறாரு." பொடிசு குரலைத் தாழ்த்தி ரகசியமாகச் சொன்னது. "ஆனா ஒரு கால் மட்டும் தூங்கல. தரைய அமுக்கி அமுக்கிப் பாக்குது."